மிதவையும் ஒரு சிறு துளையும்

போர் விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், எது சிறந்தது என்ற கேள்விதான் முதலில் எழும். 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை இங்கிலாந்து வானில் மோதிய பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரையும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐயும் ஓர் இயற்பியல் மாணவி என்ற முறையில் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். மணிக்கு 570 கிலோமீட்டர் அளவில் பறந்தன. ஸ்பிட்ஃபயரின் அகன்ற இறக்கை, சிறிய வட்டத்தில் திரும்ப உதவியது. மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கோ எரிபொருள் போதாது. லண்டன் மீது சுமார் பத்து நிமிடமே நின்று போரிட முடியும். (இவ்விரண்டின் புகழுக்கு நடுவே, அந்தப் போரில் ஸ்பிட்ஃபயரைவிட அதிக விமானங்களை வீழ்த்திய ஹரிக்கேனை மறந்துவிடுகிறோம்.)

ஆனால் என்னைக் கவர்ந்தது எஞ்சின்தான். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டர் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதனுள் இருக்கும் மிதவை தெரியும். விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால், பெட்ரோல் அறையின் மேற்புறத்துக்கு எழும்பும், எஞ்சின் திணறும். அடுத்து மிதவை இடம் மாறி, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாயும்; எஞ்சின் கரும்புகை கக்கி நின்றுவிடும். பெட்ரோலை நேரே உட்செலுத்தும் அமைப்புடைய மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு இத்தொல்லை இல்லை. துரத்தப்படும் ஜெர்மானியர் நேராகக் கீழே பாய்ந்து தப்புவார். பின்தொடர்பவர் விமானத்தைப் புரட்டிப் போட்டுத்தான் இறங்க வேண்டும். அதற்குள் பகைவர் வெகுதூரம் போயிருப்பார்.

அப்படியானால் கார்புரேட்டரை ஏன் வைத்தார்கள்? விடை நம் பாடப் புத்தகத்திலேயே உள்ளது. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். எனவே எஞ்சினின் திறனும் கூடும். விமானியின் உயிருக்கு உலை வைத்த அதே உறுப்புதான் குதிரைத்திறனையும் கூட்டிக் கொடுத்தது! வடிவமைத்தவர்களை அறிவிலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீர்வு கண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். எஞ்சினுக்கு அதிகபட்சம் தேவைப்படும் பெட்ரோல் மட்டுமே செல்லும்படி, அளவான துளையுள்ள சிறு உலோகத் துண்டு ஒன்றை எரிபொருள் குழாயில் பொருத்தினார். எஞ்சின் ஒரு கணம் திணறினாலும் நின்றுவிடவில்லை. 1941இல் இத்துண்டு விமானத் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த அம்மையாரின் பெயரைப் படித்த அன்று, அவரைப் பற்றி என் தாயாரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் ஓடி, 1934இல் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் சென்று பதக்கம் பெற்றவர் என்றதும், அம்மா நம்பவே இல்லை.