அச்சம் ஆன்மாவைத் தின்னும்
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

இலக்கணப் பிழையையே தலைப்பாகத் தாங்கிய திரைப்படம் ஒன்று உண்டு. ஜெர்மன் இயக்குநர் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் எடுத்து 1974இல் வெளிவந்த அப்படத்தின் பெயருக்கு ‘அச்சம் ஆன்மாவைத் தின்கிறது’ என்பது பொருள். ஆனால் ஜெர்மன் மொழியில் அத்தலைப்பைப் படிப்பவருக்கு, ‘அச்சம் ஆன்மா தின்ன’ என்று யாரோ தட்டுத்தடுமாறிச் சொல்வது போல் ஒலிக்கும். கதைத் தலைவனான மொராக்கோ நாட்டுத் தொழிலாளி பேசும் உடைந்த ஜெர்மன் அது. அதைத் திருத்தாமல் அப்படியே தலைப்பாக்கிய இடத்திலேயே இயக்குநர் யார் பக்கம் நிற்கிறார் என்பது விளங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் தொழில்கள் பெருகின, ஆள் போதவில்லை. 1955இல் இத்தாலியுடனும், 1961இல் துருக்கியுடனும், 1963இல் மொராக்கோவுடனும் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தார்கள். அவர்களுக்கு இட்ட பெயர் ‘விருந்தினர் தொழிலாளர்’. விருந்தினர் என்றால் ஒருநாள் திரும்பிப் போகவேண்டியவர் என்பது உட்பொருள். படம் பிடிக்கப்பட்டது 1973இல், மியூனிக் நகரில். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நகரின் ஒலிம்பிக் விழாவில் பாலஸ்தீன ஆயுதக் குழுவினரால் இஸ்ரேல் அணியினர் பதினொருவர் கொல்லப்பட்டிருந்தனர். அரபு முகத்தைக் கண்டாலே ஐயுறும் காலம் அது.

கதை எளிது. மழைக்கு ஒதுங்கி, அரபு இசை ஒலிக்கும் மதுக்கடைக்குள் நுழைகிறாள் எம்மி. அறுபது வயது மதிக்கத்தக்க விதவை. துப்புரவுப் பணி செய்து பிழைப்பவள். அவளைவிட இருபது வயதுக்கு மேல் இளையவனான அலி, பிறர் கேலியாகத் தூண்டிவிட, அவளுடன் நடனமாடுகிறான். பேச்சு தொடர்கிறது, நட்பு மலர்கிறது, திருமணத்தில் முடிகிறது. அலி என்பதுகூட அவனது உண்மைப் பெயரன்று. எல் ஹெதி பென் சலேம் என்று தொடங்கும் நீண்ட பெயர் அவனுக்கு உண்டு. வாயில் நுழையாததால் எல்லாரும் அலி என்றே அழைக்கிறார்கள். நடித்தவரின் பெயரும் எல் ஹெதி பென் சலேம் என்பதே.

திருமணச் செய்தியைப் பிள்ளைகளிடம் எம்மி சொல்லும் காட்சி மறக்கவொண்ணாதது. நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மகன் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியைக் காலால் உதைத்து உடைக்கிறான். அண்டை வீட்டார் முணுமுணுக்கிறார்கள். உடன் வேலை செய்யும் பெண்கள் விலகி அமர்கிறார்கள். மளிகைக்கடைக்காரரோ அலி மார்கரின் கேட்டபோது, அவன் பேச்சு புரியவில்லை என்று பாசாங்கு செய்து திருப்பியனுப்புகிறார். ஓர் அலுவலகத்தில் படிவம் கேட்ட என் தந்தையை மும்முறை திரும்பத் திரும்பச் சொல்லவைத்த எழுத்தரை நான் கண்டதுண்டு. இவர் பேசியதும் தமிழ், அவர் பேசியதும் தமிழ்!

இத்துடன் முடிந்திருந்தால் இது கண்ணீர்க் கதைகளுள் ஒன்றாகப் போயிருக்கும். இருவரும் விடுமுறைக்கு வெளியூர் சென்று திரும்புகிறார்கள். ஊர் மாறியிருக்கிறது! மளிகைக்காரருக்கு வாடிக்கையாளர் குறைகிறார்கள். எம்மியை வணங்கி வரவேற்கிறார். மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தாயைத் தேடி வருகிறான். அண்டை வீட்டாருக்குச் சாமான் வைக்க நிலவறையில் இடம் வேண்டும். வெறுப்பு மறையவில்லை, தேவை வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே. இதை ஏற்பு என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

இதனினும் கொடியது எம்மியின் மாற்றம். வேலையிடத்திற்கு யுகோஸ்லாவியாவிலிருந்து புதிதாக ஒருத்தி வர, மற்றப் பெண்களோடு சேர்ந்து எம்மியும் அவளை ஒதுக்குகிறாள். தோழியரை வீட்டுக்கு அழைத்து, அலியின் புயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். சந்தையில் மாட்டைப் பிடித்துப் பார்ப்பது போலிருக்கிறது அக்காட்சி. அவன் தன் நாட்டு உணவான குஸ்குஸ் வேண்டும் என்கிறான். இந்நாட்டு வழக்கத்துக்குப் பழகிக்கொள் என்கிறாள். அவன் சண்டையிடவில்லை. அது கிடைக்கும் வேறொருத்தி வீட்டைத் தேடிப் போகிறான். ஊராரின் வெறுப்பைத் தாங்கியவனால் வேண்டியவளின் அலட்சியத்தைத் தாங்க முடியவில்லை. படத்தின் உயிர்நிலை இவ்விடமே என்பது என் கருத்து.

முடிவில் அதே மதுக்கடையில் இருவரும் மீண்டும் இணைந்து ஆடுகையில் அலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். குடற்புண் வெடித்துவிட்டது. அயல்நாட்டுத் தொழிலாளரிடம் இது மிகுதி, மன அழுத்தமே காரணம் என்கிறார் மருத்துவர். அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். இப்புண்களுள் பலவற்றுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவே காரணம் என்பதை மார்ஷல், வாரன் இருவரும் 1980களில் காட்டினர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். எனவே மருத்துவர் கூற்று முழுமையானதன்று. ஆயினும் அந்த வயிற்றில் அவன் விழுங்கி வைத்திருந்தவை எவை என்பதைப் படம் பார்த்தவர் அறிவர்.

குணமானாலும் ஆறு மாதத்தில் மீண்டும் இங்கேதான் வருவான் என்கிறார் மருத்துவர். வரமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கட்டிலருகே சென்று அவன் கையைப் பற்றிக்கொள்கிறாள் எம்மி.