எதில் பத்து சதவீதம்? குத்துச்சண்டை வீரரின் வருமானத்தில் ஒரு கணக்கு

8ஆம் வகுப்பில் சதவீதம் கற்பிக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். “90,000இல் 10 சதவீதம் எவ்வளவு?” என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே தொகையிலிருந்து நான்கைந்து பேர் பங்கு கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு சதவீதமும் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. இதற்கு நான் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் நடக்கும் தொழில்முறைக் குத்துச்சண்டை.

ஒரு போட்டிக்கு வீரருக்குப் பேசப்பட்ட ஊதியம் 90,000 டாலர் என்று கொள்வோம். அதில் முதல் பங்கு மேலாளருக்கு. நெவாடா, கலிஃபோர்னியா மாநில விதிகளின்படி அவர் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு பெறலாம். பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 சதவீதம். பட்டத்துக்கான போட்டி என்றால் பட்டம் வழங்கும் அமைப்புக்குச் சுமார் 3 சதவீதம். முகத்தில் ஏற்படும் வெட்டுக்காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் உதவியாளருக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கரும்பலகையில் இப்படி எழுதுகிறேன்:

மேலாளர்: 30,000
பயிற்சியாளர்: 9,000
பட்டம் வழங்கும் அமைப்பு: 2,700
காய உதவியாளர்: 1,800
மொத்தம்: 43,500
மீதி: 46,500

சில மாணவர்கள், மேலாளருக்குக் கொடுத்தபின் மீதமுள்ள 60,000இல் 10 சதவீதம் கண்டு, பயிற்சியாளருக்கு 6,000 என்று எழுதுவார்கள். உடனே தவறு என்று அழிப்பதில்லை. “ஒப்பந்தத்தில் எந்தத் தொகையில் 10 சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும்?” என்று கேட்கிறேன். மொத்த ஊதியத்தில் என்றால் 9,000; மீதியில் என்றால் 6,000. ஒரு சொல்லில் 3,000 டாலர் வேறுபாடு. அடிப்படைத் தொகை ஒன்றாக இருந்தால் மட்டுமே சதவீதங்களைக் கூட்டலாம் என்பதை மாணவர்களே கண்டுகொள்கிறார்கள்.

அடுத்தது செலவு. தங்குமிடம், உணவு, பயிற்சியில் எதிர்நின்று மோதுபவர்களுக்கான கூலி ஆகியவற்றுக்கு 10,500 டாலர் என்று கொண்டால் மீதி 36,000. இனி வரி. வெளிநாட்டு வீரர் அமெரிக்காவில் மோதினால் பொதுவாக 30 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். இங்கே வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒரு குழு மீதியில் 30 சதவீதம் காண்கிறது: வரி 10,800, கையில் 25,200. மற்றக் குழு மொத்த ஊதியத்தில் காண்கிறது: வரி 27,000, கையில் 9,000. நடைமுறையில் உள்ளது இரண்டாவது முறை. பின்னர் வரிக்கணக்கைத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் போட்டி முடிந்த அன்று அவர் கையில் இருப்பது பேசிய தொகையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

இது வெறும் பாடக்கணக்கு அல்ல என்பதற்கு ஜோ லூயிஸின் வாழ்க்கையைச் சொல்கிறேன். 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர் அவர். அவரது போட்டிகள் ஈட்டிய சுமார் 46 லட்சம் டாலரில் அவரிடம் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 8 லட்சம் என்பர். இது எத்தனை சதவீதம் என்று மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும். விடை 17க்குச் சற்று அதிகம். 1942இல் இரு போட்டிகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். அந்தத் தொகையும் அவரது வருமானமாகவே கணக்கிடப்பட்டு வரி கேட்கப்பட்டது. வட்டியும் அபராதமும் சேர்ந்து கடன் வளர்ந்தது. ஓய்வு பெற்றவர் கடனுக்காக மீண்டும் களமிறங்கினார். 1951இல், 37ஆம் வயதில், இளைஞர் ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார்.

போட்டியால் வரும் பணம் எவ்வளவு என்பதே வீரருக்குத் தெரியாமல் இருந்த நிலையை மாற்ற, 2000இல் முகமது அலியின் பெயரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, அந்தப் போட்டியிலிருந்து தமக்குக் கிடைக்கும் தொகையைப் போட்டி அமைப்பாளர் வீரரிடம் தெரிவிக்க வேண்டும். கணக்கைக் கேட்பது உரிமை என்பதை மாணவர்கள் இதிலிருந்து புரிந்துகொள்கிறார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் 10 சதவீதம் மொத்த ஊதியத்தில் அல்ல. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில்தான்.

விளையாட்டு வீரராக விரும்பும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். நாளை அவர்கள் முன் ஓர் ஒப்பந்தம் நீட்டப்படலாம். கையெழுத்திடும் முன் “எதில் இத்தனை சதவீதம்?” என்று கேட்கும் பழக்கத்தை நம் கணித வகுப்பு தர முடியும்.

பயிற்சி வினா: மேற்கண்ட வீரரின் ஊதியம் 45,000 டாலர், பயிற்சிச் செலவு அதே 10,500 எனில், பிடித்தங்கள் அனைத்தும் போக அவர் கையில் மிஞ்சுவது என்ன? விடை பூச்சியத்துக்குக் கீழே ஏன் போகிறது என்பதைக் குழுவில் விவாதிக்கச் செய்க.