பிஸ்கோத்துத் தட்டைப் பக்குவப்படுத்தும் முறை

கேழ்வரகைத் தானியமாக விற்பதோடு நில்லாமல், மாவாக்கிப் பிஸ்கோத்துச் செய்து விற்கும் முயற்சியில் இன்று மகளிர் குழுக்கள் பல ஈடுபட்டுள்ளன. மாவும் சர்க்கரையும் நெய்யும் எரிபொருளும் செலவான பின்னர், பிஸ்கோத்துத் தட்டில் ஒட்டி உடையுமாயின் அத்தனையும் நஷ்டமே. உடைந்த சரக்கை முழு விலைக்கு எவரும் வாங்கார். ஆதலின் இம்மாதப் பாடமாகத் தட்டைப் பற்றி அறிவோம்.

ஒட்டுவதன் காரணம் யாது? சூட்டில் சர்க்கரை உருகித் தகட்டில் படிகிறது. ஆறியதும் பசைபோல் இறுகுகிறது. பாலிலும் முட்டையிலும் உள்ள புரதமும் உலோகத்தைப் பற்றும். கோதுமையில் உள்ள பசைப்புரதம் கேழ்வரகில் இல்லை. எனவே ஒட்டிய இடத்தில் அது எளிதில் பொடிந்துவிடும்.

செய்ய வேண்டியவை:

1. தட்டைக் கழுவி ஈரமின்றித் துடைக்கவும். அலுமினியத் தட்டுக்குச் சலவைச் சோடா ஆகாது; அது உலோகத்தை அரிக்கும்.

2. உருக்கிய நெய்யையோ வனஸ்பதியையோ துணியால் மெல்லியதாகத் தடவவும். வெண்ணெயில் ஏறக்குறைய 100-க்கு 16 பங்கு நீர் உண்டு. அதிலுள்ள பாற்பொருள் கருகும்.

3. தடவியபின் சிறிது மாவைத் தூவித் தட்டைக் கவிழ்த்துத் தட்டி, மிகுதியை உதறிவிடவும்.

4. சிலிக்கோன் பூசிய பேக்கிங் காகிதம் கிடைப்பின் அதை விரிக்கலாம். அப்போது நெய் வேண்டுவதில்லை. மெழுகுக் காகிதம் சூட்டில் உருகும். அச்சிட்ட செய்தித்தாள் அறவே கூடாது; அதன் மை உணவில் சேரும். உணவைப் பொதிவதற்கும் அதனைப் பயன்படுத்தலாகாது என 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் தடுத்துள்ளன.

நெய் மிகுந்தால் நன்மை மிகும் என்று எண்ணற்க. பாவுக்குக் கஞ்சி குறைந்தால் இழை அறும். மிகுந்தால் விறைத்து முறியும் என்பதை நெசவாள அன்பர்கள் அறிவர். இங்கும் அப்படியே. நெய் மிகுந்தால் மாவு வழுக்கிப் பரந்து, ஓரம் கருகும்.

வெந்தவுடன் பிஸ்கோத்து மென்மையாயிருக்கும். அப்போது எடுத்தால் உடையும். முற்றிலும் ஆறவிட்டால் சர்க்கரை இறுகும். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, மெல்லிய தகட்டுக் கரண்டியால் அடியோடு எடுப்பதே தக்க முறை. அடுத்த ஈடு வைக்குமுன் தட்டை ஆறவிட வேண்டும். சூடான தட்டில் வைத்த மாவு, அடுப்புக்குள் செல்லுமுன்பே இளகிப் பரவும்.

அங்கத்தினர்கள் முதலில் ஒரு தட்டில் மட்டும் இம்முறையைச் சோதித்து, உடைந்தவற்றை எண்ணிக் குறித்து வருவார்களாக. அக்கணக்கே மீதமான இலாபத்தைக் காட்டும்.