மருந்துச் சீட்டில் இலத்தீன்

இராமேசுவரத்திற்கு எதிர்க்கரையில், 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். நம் மருந்துச் சீட்டிலோ இன்றும் இலத்தீனே நிற்கிறது. 'பி.டி.' என்பது 'பிஸ் டியே', நாளுக்கு இருமுறை. 'டி.டி.எஸ்.' மும்முறை. 'எச்.எஸ்.' உறங்கும் வேளை.

குழப்பம் மிகுவது 'எஸ்.ஓ.எஸ்.' என்பதில்தான். கடலோடிகள் அறிந்த அபாயக் குறியன்று அது. 'சி ஓபஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும் என்பதே பொருள். வலி நீங்கிய பின்னும் அம்மாத்திரையை நாள்தோறும் விழுங்குவோர் உளர். வலிநீக்கி மாத்திரைகள் சில, நெடுநாள் உட்கொண்டால் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஒரு நாளில் எத்தனை வரை உட்கொள்ளலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, சீட்டின்மேல் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.