பழைய வின்செஸ்டருக்குப் பழைய சைட்டா, புதியதா?

கேள்வி: மாமனார் தந்த 1894 மாடல் வின்செஸ்டர் லீவர் ரைஃபிளுக்கு டாங் சைட் பொருத்த ஆசை. பழைய லைமன் தேடுவதா, மறுதயாரிப்பு போதுமா?
– வாசகர் ஒருவர், டெக்சாஸ்

பதில்: அடிக்கடி சுடப்போகிறீர்கள் என்றால் புதியது. துப்பாக்கியை அதன் காலத்துக் கோலத்தில் வைத்திருக்க விரும்பினால் பழையது.

லைமன் என்பது வில்லியம் லைமன் 1879-இல் காப்புரிமை பெற்ற டாங் சைட். கட்டையின் கழுத்தில் ஓடும் ‘டாங்’ எனும் இரும்புப் பட்டைமேல் நிற்கும். குறிபார்க்கும் துளை கண்ணுக்கு அருகில் வருவதால் குறி துல்லியமாகும்.

பழையதை வாங்கும்போது, அடித்தட்டில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். எந்த மாடலுக்கானது என்பதை அதுதான் சொல்லும். மார்லின் ரைஃபிளுக்குச் செய்தது வின்செஸ்டரில் உட்காராது. துளையைத் தாங்கும் தண்டை நிமிர்த்தி ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் விட்டுவிடுங்கள். திருகாணிகளும் கூடவே வருகின்றனவா என்று கேளுங்கள். தனியாகத் தேடுவது பெரும்பாடு.

மார்பிள்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் டாங் சைட்டில் தண்டு ஸ்பிரிங்கில் நிற்கும். இடிபட்டால் சாய்ந்து, தானே நிமிரும். லீவரை இழுக்கையில் போல்ட் பின்னால் பாயும் துப்பாக்கிக்கு இது நல்ல வசதி.

எதை வாங்கினாலும், பட்டையில் ஏற்கெனவே இருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளையிட்டால் சேகரிப்பாளரிடம் விலை சரிந்துவிடும். கழற்றிய பழைய திருகாணிகளைப் பத்திரப்படுத்துங்கள். முதல் குண்டுக்கு முன், உதைப்பில் சைட் கண்ணில் இடிக்காத அளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.