தாவும் விழிகளும் மூளையும்

கேள்வி: ஒரகடம் கார்த் தொழிற்சாலைகளில் பெயிண்டில் கீறல் தேடுபவரின் கண்கள் சீராக நகராமல் தாவித் தாவிச் செல்வது ஏன்? தமிழகத்தில் இதை ஆராய்கிறார்களா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிப்பகுதியே நுண்ணிய விவரங்களைத் தெளிவாகக் காணவல்லது என்பதால், கண் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் தாவுகிறது. ‘சக்கேடு’ எனப்படும் இத்தாவலின்போது பார்வையை மூளை பெருமளவு அடக்கிவிடுவதால், பளபளக்கும் கார்க்கதவின் மீது பார்வையை வேகமாக வீசுபவர் அதன் பெரும்பகுதியை உண்மையில் பார்ப்பதே இல்லை. மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களான அடித்தள முடிச்சுகள், நடுமூளையின் கண்ணியக்க மையத்தை ஓயாமல் அடக்கிவைத்து, தேர்ந்த இலக்குக்காக மட்டும் பிடியைத் தளர்த்துகின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர்கள் ஹிக்கோசாக்கா, வுர்ட்ஸ் ஆகிய இருவரும் 1983இல் குரங்குகளில் நடத்திய ஆய்வுகளில் காட்டினர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தியின் ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்ட கணினி மாதிரியோ, இம்முடிச்சுகளின் ‘மறைமுகப் பாதை’ எனப்படும் நரம்புத்தொடர் புதிய இலக்குகளைத் துழாவத் தூண்டுகிறது என்று முன்மொழிந்தது. அப்பாதையை வெறும் தடையாகவே விளக்கிவந்த பாடநூல் கருத்தைவிட இது துணிவானது, தேடலின் இயல்புக்கும் நெருக்கமானது. இம்முடிச்சுகளில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையும் பார்கின்சன் நோயில் நடையும் கையும் மட்டுமன்றி விழித்தாவலும் குறுகிப்போவதற்கான காரணத்தை இவ்வாய்வுகளின் வழியே அணுகமுடிகிறது.