ஆஸ்பத்திரியில் டிப்ளமோ மாணவனுக்கு என்ன வேலை?



"ஆஸ்பத்திரித் தொண்டெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம், நமக்கு வொர்க்ஷாப்பே போதும்டா" என்பது விடுதியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். சீட்டு எங்கே வாங்குவது, எக்ஸ்ரே எந்தக் கட்டடம், ரத்தப் பரிசோதனை முடிவு யாரிடம் கிடைக்கும் என்று தெரியாமல் கிராமத்துப் பெரியவர்கள் திகைத்து நிற்பார்கள். அவர்களுக்கு வழிகாட்ட எம்.பி.பி.எஸ். வேண்டுமா? எழுதப் படிக்கத் தெரிந்த, எரிந்து விழாமல் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். அப்படிப்பட்ட வேலையைத் தேடிக்கொள்ளும் வழிகளை இங்கே பார்ப்போம்.

1. எங்கே தொடங்குவது?

முதல் வாசல் பெரும்பாலும் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. நாம் என்.எஸ்.எஸ். என்று சொல்வது இதைத்தான். இதில் சேர்ந்தவர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மரக்கன்று நடுவதும் ஊர்வலம் போவதும் மட்டும்தான் அந்த 240 மணி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மருத்துவமனைப் பணிக்கும் திட்ட அலுவலரிடம் கேட்கலாம். இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் இன்னொரு வழி. இவற்றின் பொறுப்பு ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளரையோ நிலைய மருத்துவ அலுவலரையோ பாருங்கள். கடிதம் இல்லாமல் வார்டுக்குள் நுழையாதீர்கள்.

2. என்ன கேட்பது?

"சார், ஏதாவது சேவை செய்யணும்" என்று போய் நின்றால், "சரி தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். அவர்மேல் தப்பில்லை. ஆர்வத்தோடு வந்து இரண்டாம் வாரமே காணாமல் போகிறவர்களால் அவருக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "சார், நாங்க ஆறு பேர். மூணு மாசத்துக்குச் சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 11 வரைக்கும் தவறாம வருவோம். எந்த இடத்துல உங்களுக்கு ஆள் பத்தலை?" ஆள் எண்ணிக்கை, நாள், நேரம், காலம் நான்கும் இதில் இருக்கின்றன. இடத்தை அவர்கள் சொல்லட்டும். சீட்டு எழுத உதவுவதா, சக்கர நாற்காலி தள்ளுவதா, எது கிடைத்தாலும் சரி. ஒப்புக்கொண்ட நேரத்துக்குப் போய் நிற்பதுதான் தொண்டு.

3. ரத்ததானம்: கூட்டமா, வரிசையா?

1996-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால், 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுக்கும் முறை நிறுத்தப்பட்டது. ஆகவே தன்னார்வக் கொடையாளர் வராவிட்டால் நோயாளியின் உறவினர்கள்தான் ஆள் தேடி அலைய வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர் யாரைத் தேடுவார்?

நாம் வழக்கமாகச் செய்வது ஆண்டுக்கு ஒரு முகாம், ஒரு போட்டோ. ஆனால் சிவப்பணுக்களைச் சுமார் 35 முதல் 42 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். தட்டணுக்களுக்கு வெறும் 5 நாட்கள். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு மீதி ஆண்டு முழுவதும் சும்மா இருந்தால், தட்டுப்பாடு வரும் நாளில் அது எப்படி உதவும்?

ஆரோக்கியமான ஆண் 90 நாட்களுக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கலாம். 13 வாரம் என்றால் 91 நாள். கல்லூரியில் 130 பேர் பதிவு செய்தால், வாரம் 10 பேர் வீதம் முறை வைக்கலாம். 14-ஆம் வாரம் முதல் பத்துப் பேர் மறுபடியும் தயார்! மாணவியருக்கு இடைவெளி 120 நாட்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல். எந்த வாரம் எந்தப் பிரிவு தேவை என்று ரத்த வங்கியில் கேட்டுப் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வயது 18, எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நேரே வந்த முதலாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு வயது போதாது. பதிவேடு எழுதுவது, போன் செய்வது அவர்கள் பொறுப்பாகட்டும். விடுமுறைக்கு ஊர் போனாலும் அங்குள்ள ரத்த வங்கியில் கொடுக்கலாம். கல்லூரிகள் மூடியிருக்கும் கோடையில்தான் கொடையாளர்கள் குறைவு.

4. நம் கைத்தொழில்

இதில் நமக்கு ஈடு நாமே. முன்சக்கரம் இறுகிப்போன சக்கர நாற்காலி, கிரீச்சிடும் ஸ்ட்ரெச்சர், ஆடும் பெஞ்சு இவையெல்லாம் மெக்கானிக்கல் மாணவனுக்கு ஒரு பிற்பகல் வேலை. சிவில் மாணவர்கள் சாய்தளத்தை அளந்து பார்க்கலாம். 1-க்கு 12 என்பதே சக்கர நாற்காலிக்கு ஏற்ற சரிவு. 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் நோயாளியை வைத்துத் தள்ளுவது சிரமம். அளவோடு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தால் அதுவும் தொண்டே. ஆனால் மின் மருத்துவக் கருவிகளைத் தொடாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

5. செய்யக் கூடாதவை

மருந்து, மாத்திரை, ஊசி எதிலும் கை வைக்கக் கூடாது. "இந்த வியாதிக்கு இதைச் சாப்பிடுங்க" என்ற யோசனையும் வேண்டாம். நோயாளியின் நோயைப் பற்றி விடுதியில் பேசக் கூடாது. அவரைப் படம் எடுக்கக் கூடாது. பணம், காபி, டிபன் எதுவும் வாங்கக் கூடாது. முதலுதவி செய்ய ஆசையிருந்தால் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகளில் முறையாகப் பயிலுங்கள். வார்டில் தொடர்ந்து பணி செய்வதாக இருந்தால் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ரத்தப் பிரிவுப் பதிவேடு ஒன்றையும், சனிக்கிழமைக் குழு ஒன்றையும் தொடங்குங்கள். பொறுப்பாளர் மூன்றாமாண்டு முடித்துப் போகும் முன் பதிவேட்டை இரண்டாமாண்டு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் விதியாக வையுங்கள். நல்ல முயற்சிகள் பல கல்லூரிகளில் நின்றுபோவது இந்த இடத்தில்தான். இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாதே என்று கேட்கலாம். கிடையாதுதான். ஆனால் நள்ளிரவில் ஓ நெகட்டிவ் தேடி அலையும் ஒரு தகப்பனுக்கு, நம் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்குமா இருக்காதா? அதை முடிவு செய்ய வேண்டியது நாம்தான் நண்பர்களே!